உருவும் ஐயமும்: நகரத் தெருப் புகைப்படங்களில் அருவ வடிவங்களும் காட்சி மயக்கங்களும்

ஆய்வுச் சுருக்கம்

நகரத் தெருவைக் களமாகக் கொண்ட புகைப்படங்களில் கோடு, நிழல், நிறத்திட்டு, பிரதிபலிப்பு முதலியன அருவ வடிவங்களாகவும் காட்சி மயக்கங்களாகவும் அமைவதை இக்கட்டுரை ஆராய்கிறது. பால் ஸ்ட்ராண்ட், ஆரன் சிஸ்கைண்ட், சால் லைட்டர், லீ ஃப்ரீட்லாண்டர், ரகுபீர் சிங், ஃபான் ஹோ ஆகிய அறுவரின் படங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மணிமேகலையில் அளவைவாதி எடுத்துரைக்கும் பிழையறிவு வகைகளுள் ஐந்து, இப்படங்களை வேறுபடுத்திக் காணும் திறனாய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. தெருப் புகைப்படத்தில் அருவத்தன்மை பொருளை நீக்குவதால் மட்டும் பிறப்பதில்லை. பெரும்பாலும் பொருளை அறியும் கணத்தைத் தாமதப்படுத்துவதால் பிறக்கிறது. அந்தத் தாமதம் முடியும்போது படத்திலுள்ள மனிதர் பார்வையாளருக்குக் கிடைக்கிறாரா, தொலைந்துபோகிறாரா என்பதே இவ்வகைப் படங்களை மதிப்பிடும் அளவுகோலாதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தெருப் புகைப்படம், அருவ வடிவம், காட்சி மயக்கம், ஐயம், திரியக்கோடல், மணிமேகலை, அளவையியல்.

முன்னுரை

புகைப்படம் நடந்ததற்குச் சான்று என்பது பொதுவான எண்ணம். தெருப் புகைப்படத்துக்கு இவ்வெண்ணம் இன்னும் நெருக்கமானது. முன்னேற்பாடு இன்றி, பொதுவெளியில், கண்முன் நிகழ்வதைப் பதிவுசெய்வதே அதன் இலக்கணம் எனக் கருதப்படுகிறது. ஆயினும், கடந்த நூறாண்டுகளில் எடுக்கப்பட்ட சிறந்த தெருப்படங்களுள் ஒரு பகுதி இவ்விலக்கணத்துக்கு முரணானதுபோல் தோன்றுகிறது. அவற்றில் முதலில் தெரிவது நிகழ்ச்சியன்று. சாய்ந்த ஒரு நிழல், மூடுபனி படிந்த கண்ணாடி, கறுப்புப் பரப்பின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி, எது நேர் எது எதிர் என்று பிரித்தறிய இயலாத கண்ணாடிக் குவியல் ஆகியவையே முதலில் தெரிகின்றன.

இத்தகைய படங்களைப் பற்றித் திறனாய்வாளரிடையே இருவகை நிலைப்பாடுகள் உள. ஒரு சாரார், ஓவியத்துக்குரிய தூய வடிவ அழகைப் புகைப்படம் எட்டிப்பிடித்த சாதனையாக இவற்றைப் போற்றுகின்றனர். மறுசாரார், தெருவில் வாழும் மனிதரை வெறும் வடிவமாகச் சுருக்கும் செயலாகக் கண்டிக்கின்றனர். 1928இல் சோவியத் நாட்டில் அலெக்சாண்டர் ரோட்சென்கோ எதிர்கொண்ட தாக்குதல் இவ்விரண்டாம் நிலைப்பாட்டின் அரசியல் வடிவம். மாடங்களையும் தீயணைப்பு ஏணிகளையும் செங்குத்தாக மேல்நோக்கி எடுத்த அவருடைய படங்கள், மேலை நாட்டாரைப் பார்த்து எடுத்தவை என அந்நாட்டுப் புகைப்பட இதழொன்றில் குற்றஞ்சாட்டப்பட்டன. வடிவவாதம் என்னும் பழி பின்னர் அவரை நெடுநாள் தொடர்ந்தது.

இவ்விரு நிலைப்பாடுகளும் ஓர் எடுகோளைப் பகிர்ந்துகொள்கின்றன. வடிவமும் மனிதரும் ஒன்றையொன்று விலக்குவன என்பதே அது. இவ்வெடுகோளை மறுபரிசீலனை செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அளவைவாதியின் பாகுபாடு

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையாகிய ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’யில், வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறிகிறாள். அவர்களுள் முதலாவதாக வரும் அளவைவாதி, மெய்யறிவுக்குரிய அளவைகளைக் கூறியபின், அளவைபோலத் தோன்றிப் பிழைபடும் அறிவு எட்டு வகைப்படும் என்கிறான். அவற்றுள் காட்சியோடு நேரடித் தொடர்புடைய ஐந்து இக்கட்டுரைக்குப் பயன்படுவன.

ஒரு பொருள் உண்டு என்ற அளவில் மட்டும் அறிந்து, அது இன்னதென அறியாது நிற்பது சுட்டுணர்வு. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரியக்கோடல். இப்பியை வெள்ளி எனக் கருதுவது இதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. கண்முன் நிற்பது தூணா மனிதனா எனத் தீர்மானிக்க இயலாது தடுமாறுவது ஐயம். ஆராயாமலே அத்தூணை மனிதன் என உறுதிசெய்வது தேராது தெளிதல். கண்ணிற் பட்டும் அறியாதிருப்பது கண்டுணராமை.

இப்பாகுபாட்டின் நுட்பம், பிழைகளைத் தனித்தனியே பெயரிட்டுப் பிரிப்பதில் உள்ளது. பொதுவழக்கில் இவை அனைத்தையும் ‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லால் கூறிவிடுகிறோம். ஐயத்தில் மனம் இரண்டு முடிவுகளுக்கிடையே விழிப்புடன் நிற்கிறது. திரியக்கோடலில் ஒரு தவறான முடிவில் நிறைவுகொள்கிறது. கண்டுணராமையில் முடிவு என்பதே எழுவதில்லை. புகைப்படம் பார்ப்பவரின் மனநிலைகளும் இவ்வாறே வேறுபடுகின்றன.

தொல்காப்பியச் சொல்லதிகாரக் கிளவியாக்கமும் இச்சிக்கலைத் தொட்டுச் செல்கிறது. தொலைவில் தோன்றுவது உயர்திணையா அஃறிணையா என ஐயம் எழுமிடத்து, வடிவத்தைச் சுட்டும் பொதுச்சொல்லால் அதனைக் குறிக்கலாம் என்பது அங்குக் கூறப்படும் விதி. உரையாசிரியர்கள் மரக்குற்றியையும் மனிதனையும் எடுத்துக்காட்டாகத் தருகின்றனர். ஐயம் நீங்கிய பின் எவ்வாறு மறுத்துக் கூறவேண்டும் என்பதற்கும் அன்மைக் கிளவி என்ற பெயரில் விதி உண்டு. ஆக, இலக்கணம் ஐயத்தைப் பிழையென ஒதுக்கவில்லை. அதற்குரிய சொல்லைத் தந்து, அதிலிருந்து துணிவுக்குச் செல்லும் வழியையும் வகுத்துள்ளது. திணை முடிவாகாத அந்த இடைவெளியில் நிற்கும் ‘உரு’வே தெருப் புகைப்படத்தின் அருவ வடிவம் என்று கொள்ளலாம்.

2. கருவியின் இயல்பும் ஐயத்தின் தோற்றமும்

நேரில் காணும்போது தூணா மனிதனா என்ற ஐயம் நெடுநேரம் நிலைப்பதில்லை. அதனைத் தீர்க்க மூன்று வாயில்கள் உள. இரு கண்களால் காண்பதால் தொலைவும் ஆழமும் ஓரளவு புலப்படுகின்றன. தலையை அசைத்தோ ஓரடி நகர்ந்தோ பார்க்கும்போது முன்னுள்ளதும் பின்னுள்ளதும் பிரிகின்றன. சற்றுப் பொறுத்தால், மனிதனாயின் அவன் அசைவான்.

புகைப்படக் கருவி இம்மூன்று வாயில்களையும் அடைத்துவிடுகிறது. அதன் லென்ஸ் ஒற்றைக் கண். அது நிற்கும் இடம் மாறாதது. அது பதிவுசெய்யும் காலம் நொடியின் ஒரு சிறு பகுதி. இவற்றோடு சட்டகமும் சேர்கிறது. காட்சியின் சுற்றுப்புறத்தை அது வெட்டிவிடுவதால், ஒரு பொருளை அடையாளங்காண உதவும் சூழல் இழக்கப்படுகிறது. தொலைநோக்கு லென்ஸைப் பயன்படுத்தித் தொலைவில் நின்று எடுக்கும்போது, ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை ஒரே தளத்தில் ஒட்டிவைக்கப்பட்டவை போலாகின்றன. குவியத்துக்கு வெளியே உள்ளவை விளிம்பிழந்து நிறத்திட்டுகளாகின்றன.

நகரத் தெரு இவ்வியல்புகளுக்கு ஏற்ற களமாதல் தற்செயலன்று. பெரிய கண்ணாடிச் சாளரங்கள் உள்ளிருப்பதையும் வெளியிருப்பதையும் ஒரே பரப்பில் கலக்கின்றன. உயர்ந்த கட்டடங்கள் கூர்மையான நிழல்களை வீசுகின்றன. விளம்பர எழுத்துகள் துண்டுபட்டுப் பொருளிழந்து கோடுகளாகின்றன. எனவே, நகரப் புகைப்படத்தின் அருவத்தன்மை கலைஞரின் விருப்பத்தால் மட்டும் விளைவதன்று. கருவியும் களமும் சந்திக்குமிடத்தில் இயல்பாகப் பிறப்பது. கலைஞரின் பங்கு, அடைபட்ட வாயில்களுள் எதனைச் சிறிது திறந்துவைப்பது என்பதைத் தெரிவுசெய்வதில் உள்ளது. திறனாய்வு நோக்க வேண்டிய இடமும் அதுவே.

3. சுட்டுணர்வு: சுவரில் நிற்கும் பார்வை

1916இல் கனெக்டிகட் மாநிலத்து ட்வின் லேக்ஸ் என்னுமிடத்தில் பால் ஸ்ட்ராண்ட் எடுத்த ‘அருவம், தாழ்வார நிழல்கள்’ என்ற படம், புகைப்படக் கலையில் வேண்டுமென்றே உருவாக்கப்பட்ட தொடக்ககால அருவங்களுள் ஒன்று. சாய்க்கப்பட்ட மேசையின்மீது தாழ்வாரத் தடுப்புக் கம்புகளின் நிழல் விழுகிறது. மேசையென்றோ நிழலென்றோ அறியுமுன் கறுப்பு வெள்ளைப் பட்டைகளே புலனாகின்றன. இது தெருப்படமன்று. எனினும், பொருளின் பெயரை நீக்கிப் பார்க்கும் பயிற்சியாக ஸ்ட்ராண்டின் தெருப்படங்களோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இப்பார்வையை நகரத்துச் சுவருக்குக் கொண்டுசென்றவர் ஆரன் சிஸ்கைண்ட் (1903–1991). 1930களில் நியூயார்க்கின் ஃபோட்டோ லீக் அமைப்பில் இருந்து, ஹார்லெம் பகுதி மக்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்யும் கூட்டுத் திட்டத்தை வழிநடத்தியவர் அவர். 1940களில் அவர் மனிதரைவிட்டுப் பொருள்களின் பரப்புக்குத் திரும்பினார். உரிந்த வண்ணப்பூச்சு, கிழிந்த சுவரொட்டி, சுவரில் வழிந்த தார் ஆகியவற்றை மிக நெருங்கி, நேர்முகமாக, ஆழமின்றி எடுத்தார். அக்காலத்து அருவ ஓவியர்களோடு அவருக்கு நெருங்கிய தொடர்பிருந்தது.

சிஸ்கைண்டின் சுவர்களில் ஏதோ ஒன்று உள்ளது என்பது உறுதி. அது என்ன, எவ்வளவு பெரியது, எத்தெருவில் உள்ளது என்பனவற்றைப் படம் கூறுவதில்லை. ஊர்ப்பெயரும் ஆண்டும் எண்ணும் மட்டுமே தலைப்பாகின்றன. அளவைவாதியின் சொல்லில் இது சுட்டுணர்வு. பொருளின் உண்மை மட்டும் எஞ்சும் நிலை. இந்நிலைக்குத் தனிமதிப்பு உண்டு. அன்றாடம் கடந்துசெல்லும் ஒரு பரப்பு, பயனிலிருந்து விடுபட்டு முதன்முறையாகக் காணப்படுகிறது. ஆனால் ஐயம் இங்கு எழுவதில்லை. தூணா மனிதனா என்று கேட்பதற்கு மனிதன் அங்கு இருக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு வேண்டும். சிஸ்கைண்டின் சுவர் அவ்வெதிர்பார்ப்பை முன்கூட்டியே நீக்கிவிடுகிறது. கிழிந்த சுவரொட்டியில் அதனை ஒட்டிய கையும் கிழித்த கையும் தடமாக உள்ளன என வாதிடலாம். அத்தடங்களை வாசிக்கும் பணி முழுவதும் பார்வையாளர் தலையில் விழுகிறது. படம் அவரை அதற்கு வற்புறுத்துவதில்லை.

4. ஐயம்: சால் லைட்டரின் தாமதம்

பிட்ஸ்பர்க்கில் 1923இல் பிறந்த சால் லைட்டர், ஓவியராகும் எண்ணத்துடன் 1946இல் நியூயார்க் வந்தவர். தம் வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களிலேயே பல்லாண்டுகள் வண்ணப் படங்கள் எடுத்தார். 1957இல் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் ஆற்றிய உரையில் அவருடைய வண்ண ஸ்லைடுகள் சில காட்டப்பட்டன. ஆயினும், அவற்றின் பெரும்பகுதி நெடுங்காலம் அச்சேறவில்லை. 2006இல் ‘ஏர்லி கலர்’ என்னும் நூல் வெளிவந்த பின்னரே அவர் பரவலாக அறியப்பட்டார். 2013இல் மறைந்தார்.

‘பலகைகளினூடே’ என்ற 1957ஆம் ஆண்டுப் படத்தில் சட்டகத்தின் பெரும்பகுதி இருண்ட பலகைகளாகும். அவற்றுக்கிடைப்பட்ட ஒரு பிளவில் மட்டும் தெரு தெரிகிறது. ‘விதானம்’ என்ற 1958ஆம் ஆண்டுப் படத்தில் கடைவாயிலின் துணிக் கூரை மேற்பகுதி முழுவதையும் கறுப்பால் நிரப்புகிறது. அதன் கீழே பனி பொழியும் தெருவும் நடப்போரும் ஒரு குறுகிய பட்டையாக எஞ்சுகின்றனர். ‘பனி’ என்ற 1960ஆம் ஆண்டுப் படம் ஈரம் படிந்த கண்ணாடியினூடே எடுக்கப்பட்டது. நீர்த்தாரைகள் வழிந்த தடங்களின் பின்னே ஓர் ஆளின் உருவமும், அதன் பின்னே ஒரு வண்டியின் நிறமும் எழுத்துகளும் கலங்கித் தெரிகின்றன.

இப்படங்களைப் பார்க்கும் முறையில் மூன்று படிகள் உள. முதலில் நிறப்பரப்புகளின் ஒழுங்கு கண்ணைப் பிடிக்கிறது. அடுத்து, அப்பரப்புகளுள் ஒன்று ஒருவேளை மனிதனோ என்ற ஐயம் எழுகிறது. மூன்றாவதாக, ஒரு தொப்பியின் வளைவோ தோளின் சரிவோ அந்த ஐயத்தைத் தீர்க்கிறது. தீர்ந்தபின்னும் முகம் கிடைப்பதில்லை. பனியில் நிற்கும் ஓர் ஆள் என்ற அளவிலேயே அறிவு நின்றுவிடுகிறது.

இத்தாமதத்தை வெறும் அழகுத் தந்திரம் எனக் கொள்ள இயலாது. நகரவாழ்வில் அயலாரை எதிர்கொள்வதன் உண்மையான அனுபவம் அதுவே. பெருநகரத்தில் ஒருவர் நாள்தோறும் காணும் ஆயிரக்கணக்கானோருள் மிகப் பெரும்பாலோர் நிறமாகவும் அசைவாகவும் கடந்துசெல்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஒரு கணம் மனிதராக உறைக்கிறார். மறுகணம் கூட்டத்தில் மறைகிறார். முகத்தைத் தெளிவாகக் காட்டும் படம், நகரத்தில் இல்லாத ஒரு நெருக்கத்தை இருப்பதாகக் காட்டக்கூடும். லைட்டரின் கலங்கிய கண்ணாடி அத்தகைய உரிமையைக் கொண்டாடுவதில்லை. ‘டாக்சி’ என்ற 1957ஆம் ஆண்டுப் படத்தில், வண்டியின் உள்ளே வாரைப் பற்றியிருக்கும் ஒரு கை மட்டுமே தெளிவாகத் தெரிகிறது. அக்கை ஒன்றே நிறத்திட்டுகளின் தொகுதியை ஒருவர் பயணம் செய்யும் வண்டியாக மாற்றிவிடுகிறது. ஐயத்திலிருந்து துணிவுக்குச் செல்லும் வழி மிகக் குறுகியது. ஆயினும் திறந்தே உள்ளது.

5. திரியக்கோடல்: நிழலும் கண்ணாடியும்

ஐயத்தில் விழிப்புண்டு; திரியக்கோடலில் விழிப்பு பின்னரே வருகிறது. லீ ஃப்ரீட்லாண்டரின் ‘நியூயார்க் நகரம், 1966’ இதற்குத் தக்க சான்று. முன்னே நடக்கும் ஒரு பெண்ணின் உரோம மேலாடையின்மீது ஒரு தலையின் நிழல் விழுந்துள்ளது. அது படமெடுப்பவரின் நிழல். உரோமத்தின் அமைப்பு அந்நிழலின் விளிம்பைச் சிலிர்த்த மயிர்போல் காட்டுவதால், நிழல் தனக்கென உடல்பெற்ற ஒருவனாகத் தோன்றுகிறது. நிழலை மயிருடைய தலையாகவும் ஆடையை உடலாகவும் கொள்ளும் கண், பிறகே தன் பிழையை அறிகிறது.

பிழை நீங்கும்போது நகைச்சுவையும் நீங்கி ஓர் அச்சம் எஞ்சுகிறது. தெருப் புகைப்படம் எடுப்பவர் பொதுவாகத் தம்மைச் சட்டகத்துக்கு வெளியே மறைத்துக்கொள்பவர். இங்கோ, அறியாத ஒரு பெண்ணைப் பின்தொடரும் ஆடவரின் நிழலாக அவர் பிடிபட்டுவிடுகிறார். அப்பெண் அதனை அறியாள். பார்வையின் அதிகாரம் என்று கோட்பாட்டாளர் விரித்துரைப்பதை இப்படம் ஒரு காட்சி மயக்கத்தின் வாயிலாகவே வெளிப்படுத்திவிடுகிறது. 1970இல் வெளிவந்த அவருடைய ‘தன்னுருவப் படம்’ என்னும் நூலில் இவ்வாறான நிழல்களும் பிரதிபலிப்புகளும் மீண்டும் மீண்டும் வருகின்றன.

ரகுபீர் சிங் (1942–1999) இந்தியத் தெருவை வண்ணத்தில் எடுத்த முன்னோடி. தமிழ்நாட்டைப் பற்றியும் தனி நூல் வெளியிட்டவர். அவருடைய ‘நடைபாதைக் கண்ணாடிக் கடை, ஹௌரா, 1991’ என்ற படத்தில், விற்பனைக்கு வைக்கப்பட்ட நிலைக்கண்ணாடிகள் தெருவைத் துண்டுதுண்டாக ஏந்திநிற்கின்றன. கண்ணாடிச் சட்டங்கள் படத்தின் சட்டகத்துக்குள் பல சிறு படங்களை உருவாக்குகின்றன. எவர் இப்பக்கம் உள்ளார், எவர் பிரதிபலிப்பில் உள்ளார் என்பதை உடனே பிரிக்க இயலாது.

ஃப்ரீட்லாண்டரின் நிழலிலிருந்து இது ஓரிடத்தில் வேறுபடுகிறது. ஹௌராவின் கண்ணாடிகள் கலைஞர் கண்டுபிடித்த கருவிகளல்ல. அவை ஒரு சிறுவணிகரின் சரக்கு. காட்சி மயக்கத்தை விளைப்பதும் ஒருவரின் பிழைப்புக்கு உரியதும் ஒரே பொருளாகின்றன. எனவே, மயக்கத்தைத் தீர்க்க முயலும் பார்வையாளர், இது என்ன இடம், இக்கண்ணாடிகள் ஏன் இங்கு உள்ளன எனக் கேட்டு, கடையையும் தெருவையும் வந்தடைகிறார். வடிவச் சிக்கலை அவிழ்ப்பதும் சமூக உண்மையை அறிவதும் இங்கு ஒரே செயல். வடிவமும் மனிதரும் ஒன்றையொன்று விலக்குவன என்ற எடுகோள் இப்படத்தின் முன் நிற்பதில்லை.

6. தேராது தெளிதல்: ஃபான் ஹோவின் நிழல்

ஷாங்காயில் 1931இல் பிறந்து ஹாங்காங்கில் வாழ்ந்த ஃபான் ஹோவின் ‘நெருங்கும் நிழல்’ (1954) உலகெங்கும் அறியப்பட்ட படம். உயர்ந்த வெண்சுவரின் அடியில் ஓர் இளம்பெண் நிற்கிறாள். சுவரைக் குறுக்காக வெட்டிக்கொண்டு முக்கோண நிழல் ஒன்று அவளை நோக்கி இறங்குகிறது. பெண்ணும் நிழலும் சுவரும் சந்தித்த அரிய கணத்தைக் கலைஞர் காத்திருந்து பிடித்தார் என்றே இதனைப் பார்ப்போர் பலரும் கொள்வர்.

உண்மை வேறு. அப்பெண் கலைஞரின் உறவினர். அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் அங்கு நின்றவர். அந்நிழல் சுவரில் விழுந்ததன்று. பின்னர் இருட்டறையில் சேர்க்கப்பட்டது. இளமை கழிவதைக் குறிக்கும் வகையில் தாம் அதனை அமைத்ததாகக் கலைஞரே தெரிவித்துள்ளார். ஆகவே இதனை மோசடி எனக் கூறுதல் பொருந்தாது. இருட்டறைப் பணி புகைப்படக் கலையின் பழைய உரிமைகளுள் ஒன்று.

ஆயினும், இப்படம் தெருப் புகைப்படம் என்ற பெயரில் பரவும்போது நிகழ்வது தேராது தெளிதல். தூணா மனிதனா என்று ஆராயாமலே ஒரு முடிவுக்கு வருவதுபோல, நிகழ்ந்ததா நிகழ்த்தப்பட்டதா என்று ஆராயாமலே நாம் தெளிந்துவிடுகிறோம். முன்னர்க் கண்ட படங்களில் மயக்கம் படத்தின் உள்ளே இருந்தது. அதனைத் தீர்க்கும் குறிப்பும் உள்ளேயே இருந்தது. ஃபான் ஹோவின் படத்தில் மயக்கம் படத்துக்கும் அதன் வகைப்பெயருக்கும் இடையே உள்ளது. எவ்வளவு உற்றுநோக்கினும் படம் தன்னை வெளிப்படுத்தாது, புறச்சான்று தேவைப்படுகிறது. சொற்களைக் கொடுத்தே காட்சியை உருவாக்கிக்கொள்ளும் இயந்திரங்கள் பெருகியுள்ள இந்நாளில் இவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது. நிழல் சுவரில் விழுந்ததா, சேர்க்கப்பட்டதா என்ற வினா, அழகைக் குறித்த வினாவாக மட்டும் இனி நில்லாது. தெரு என்ற ஒன்று அங்கு இருந்ததா என்ற வினாவாக விரிகிறது.

7. கண்டுணராமை: வடிவத்தின் அறச்சிக்கல்

மீண்டும் பால் ஸ்ட்ராண்டிடம் வருவது தேவையாகிறது. 1915இல் அவர் எடுத்த ‘வால் ஸ்ட்ரீட்’ படத்தில், அப்போது புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஜே. பி. மார்கன் நிறுவனக் கட்டடத்தின் முகப்பு சட்டகத்தின் பெரும்பகுதியை நிரப்புகிறது. அதன் நீண்ட இருண்ட செவ்வகக் குழிவுகள் வரிசையாக நிற்கின்றன. கீழே, சாய்ந்த ஒளியில் நீளும் நிழல்களுடன் சில மனிதர் நடந்துசெல்கின்றனர். முகமில்லை, கறுத்த சிறு கோடுகள் மட்டுமே. முதற்பார்வையில் இது கறுப்புச் செவ்வகங்களும் சிறு கோடுகளும் கொண்ட அருவம். மனிதர் கண்ணிற் படுகின்றனர், உணரப்படுவதில்லை.

ஆனால் இப்படம் அந்த உணராமையிலேயே நின்றுவிடுவதில்லை. கோடுகள் மனிதர் என்று அறிந்த கணத்தில், செவ்வகங்களின் அளவும் மாறிவிடுகிறது. ஆளின் உயரத்தைப் பன்மடங்கு மீறிய அக்குழிவுகள் நிதி மூலதனத்தின் பேருருவாகின்றன. மனிதர் ஏன் இவ்வளவு சிறியர் என்ற கேள்வி படத்தின் வடிவத்திலிருந்தே எழுகிறது. வடிவம் மனிதரைச் சுருக்கவில்லை. அவர்கள் சுருக்கப்பட்டிருப்பதைக் காட்டுகிறது. குழந்தைத் தொழிலாளரைப் படமெடுத்துச் சமூகச் சீர்திருத்தத்துக்கு உதவிய லூயிஸ் ஹைனிடம் ஸ்ட்ராண்ட் மாணவராயிருந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அடுத்த ஆண்டில் அவர் எடுத்த ‘பார்வையற்ற பெண்’ இதன் மறுமுனை. நடைபாதையில் நிற்கும் ஒரு பெண்ணின் முகம் சட்டகத்தை நிறைக்கிறது. அவருடைய கழுத்தில் பார்வையற்றவர் என எழுதிய அட்டை தொங்குகிறது. படமெடுக்கப்படுவோர் அறியாதிருக்கப் போலி லென்ஸ் பொருத்திய கருவியை ஸ்ட்ராண்ட் இக்காலத்தில் பயன்படுத்தினார். முகம் முழுவதும் கிடைக்கிறது. ஆனால் அது மறைவான வழியில் பெறப்பட்டது. முகத்தைக் காட்டுவது அறம், வடிவமாக்குவது அறமின்மை என்ற எளிய சமன்பாட்டை இவ்விரு படங்களும் ஒருசேர மறுக்கின்றன.

உண்மையான கண்டுணராமை வேறோரிடத்தில் உள்ளது. பெரிய வண்ணச்சுவர், அதன் மூலையில் கடந்துசெல்லும் ஒரு கறுத்த நிழலுரு என்ற அமைப்பு இன்று எண்ணற்ற படங்களில் வாய்பாடாகிவிட்டது. அங்கு மனிதர் தேவைப்படுவது அளவைக் காட்டவும் வெற்றிடத்தை நிரப்பவும் மட்டுமே. அவருக்குப் பதிலாக ஒரு தூணை வைத்தாலும் படம் மாறாது. இதனையே ஒரு சோதனையாகக் கொள்ளலாம்: படத்திலுள்ள மனிதரைத் தூணாக மாற்றினால் படத்தின் பொருள் மாறுமா? ‘வால் ஸ்ட்ரீட்’டில் தூண்களை வைத்தால் படம் வெறும் கட்டட ஆவணமாகிவிடும். லைட்டரின் ‘பனி’யில் தூணை வைத்தால் காத்திருத்தல் என்ற உணர்வே அழியும். வாய்பாட்டுப் படங்களில் எதுவும் அழியாது.

8. எழக்கூடிய மறுப்புகள்

புகைப்படம் என்பதையே அறியாத காலத்து நூலின் பாகுபாட்டை இருபதாம் நூற்றாண்டுக் கலைக்குப் பொருத்துவது காலவழு ஆகாதா என வினவலாம். அளவைவாதியின் பாகுபாடு கலையைப் பற்றியதன்று, காட்சியைப் பற்றியது. காட்சி பிழைபடும் வழிகள் கருவி மாறினும் மாறுவதில்லை. அளவையியலில் அவை களையவேண்டிய குற்றங்கள். இக்கலையில் அவை பொருளறிவுக்கு இட்டுச்செல்லும் படிகள். இவ்வேறுபாட்டை மறந்து, பழைய நூல் புதிய கலையை முன்னறிந்தது எனக் கூறுவதே காலவழுவாகும். அவ்வாறு இக்கட்டுரை கூறவில்லை.

மனிதரே இல்லாத தூய அருவப் படங்களை இவ்வளவுகோல் தாழ்த்திவிடாதா என்பது மற்றொரு மறுப்பு. சிஸ்கைண்டின் சுவர்கள் தாழ்ந்தவை என்பது இதன் கருத்தன்று. அவை ஐயத்தை எழுப்பாத வேறொரு வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குரிய அளவுகோல் பரப்பையும் ஒழுங்கையும் சார்ந்தது. தூணா மனிதனா என்ற வினாவைப் படமே எழுப்பும்போதுதான், அதற்கு விடையளிக்கும் கடமையும் படத்துக்கு வருகிறது.

முடிவுரை

நகரத் தெருப் புகைப்படங்களில் காணப்படும் அருவ வடிவங்களையும் காட்சி மயக்கங்களையும் ஒரே வகையாகக் கொள்ளுதல் இயலாது என்பது மேற்கண்ட ஆய்வால் புலனாகிறது. சிஸ்கைண்டின் சுவர் சுட்டுணர்வில் நிற்கிறது. லைட்டரின் பனி ஐயத்தை நீட்டித்து, குறுகிய வழியில் துணிவுக்குச் செல்கிறது. ஃப்ரீட்லாண்டரின் நிழலும் ரகுபீர் சிங்கின் கண்ணாடிகளும் திரிபைத் தந்து, அது நீங்கும்போது படமெடுப்பவரையும் தெருவையும் வெளிப்படுத்துகின்றன. ஃபான் ஹோவின் நிழல், நாம் ஆராயாது தெளியும் வழக்கத்தை நமக்குக் காட்டுகிறது. ஸ்ட்ராண்டின் படம் கண்டுணராமையைத் தன் பொருளாகவே ஆக்கிக்கொள்கிறது.

தமிழில் புகைப்படத் திறனாய்வு வளர்ந்துவரும் துறை. மேலைக் கோட்பாட்டுச் சொற்களை மொழிபெயர்த்துப் பயன்படுத்துவதோடு, காட்சியையும் பிழையறிவையும் குறித்துத் தமிழ் நூல்கள் ஏற்கெனவே வகுத்துள்ள நுண்ணிய சொற்களையும் அத்துறை பயன்படுத்திக்கொள்ள இயலும். ‘மயக்கம்’ என்ற ஒரு சொல் நிற்குமிடத்தில் ஐந்து சொற்கள் நிற்குமானால், ஐந்து வேறு படங்களை வேறுவேறாகக் காண முடியும். அச்சொற்கள் வற்புறுத்தும் ஒழுக்கமும் உண்டு. ஐயம் உள்ளவரை வடிவம் என்று சொல்லலாம். மனிதர் என்று தெரிந்தபின் மனிதர் என்றே சொல்லவேண்டும்.